குளம்புச் சுவர் பிரியும் நோய்: கன்னிமாரா மட்டக்குதிரை வளர்ப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

தாயும் தந்தையும் நோய்நொடி இல்லாதவை. இரண்டுக்கும் முறையான பதிவு இருக்கிறது. கண்காட்சியில் பரிசுகூட வாங்கியிருக்கலாம். அவற்றுக்குப் பிறந்த குட்டி முதல் சில வாரங்கள் துள்ளித் திரிகிறது. பிறகு குளம்பின் கீழ் விளிம்பில் விரிசல் தெரிகிறது, அதுவும் நான்கு கால்களிலும். அயர்லாந்தின் மேற்குக் கரையைச் சேர்ந்த கன்னிமாரா மட்டக்குதிரை இனத்தில் இப்படிப்பட்ட குட்டிகளை வைத்துக்கொண்டு வளர்ப்பாளர்கள் நெடுங்காலம் காரணம் புரியாமல் தவித்தார்கள். நிலத்தைக் குறை சொன்னார்கள், தீவனத்தைக் குறை சொன்னார்கள், லாடக்காரரைக் குறை சொன்னார்கள். காரணமோ மரபணுவில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். ஆனால், கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இந்த இனத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். அவசரப்பட்டால் நோயோடு சேர்த்து இனத்தையும் வெட்டிவிடலாம்.

பாறையும் சதுப்பும்

கன்னிமாரா என்பது கால்வே மாவட்டத்தின் மேற்குப் பகுதி. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த மதராஸ் ஆளுநர் ராபர்ட் போர்க் பெற்ற பிரபு பட்டம் இந்தப் பகுதியின் பெயரில் அமைந்ததுதான். கருங்கல் பாறை, இடையிடையே சதுப்பு, அட்லாண்டிக் கடலிலிருந்து ஓயாமல் வரும் காற்றும் மழையும். புல் உண்டு, அதில் சத்து குறைவு. இங்கே சிறு விவசாயி ஒருவர் வைத்துக்கொள்ள முடிந்தது ஒரு பெட்டைக் குதிரை, மிஞ்சினால் இரண்டு. அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த சதுப்பு மண்கட்டிகளை முதுகின் இருபுறமும் கூடைகளில் சுமந்து வந்ததும், வயலுக்கு உரமாகக் கடற்பாசியை ஏற்றி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை வண்டியில் தேவாலயத்துக்கு இழுத்துச் சென்றதும் அந்த ஒரே குதிரை. அது போடும் குட்டியை இலையுதிர் காலச் சந்தையில் விற்றால்தான் வீட்டில் கொஞ்சம் ரொக்கம் புழங்கும்.

இந்த வாழ்க்கைதான் இனத்தைச் செதுக்கியது. 128 முதல் 148 செ.மீ. வரை உயரம், குட்டையான கால்கள், ஆழமான மார்பு, உறுதியான எலும்பு, குழந்தை பிடித்தாலும் அடங்கி நடக்கும் குணம். சாம்பல் நிறம் அதிகம். கபிலம், கறுப்பு, பழுப்பு, மங்கிய மஞ்சள் என்று மற்ற நிறங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாறையில் நடந்து பழகிய கெட்டியான குளம்பு இந்த இனத்தின் பெருமை. அந்தக் குளம்பிலேயே நோய் வந்தது வளர்ப்பாளர்களை ஏன் அவ்வளவு உலுக்கியது என்பது இதிலிருந்து புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இனம் கரையும் நிலையில் இருந்தது. மேற்கு அயர்லாந்தின் வறிய பகுதிகளுக்காக 1891இல் அமைக்கப்பட்ட அரசு வாரியம், மேம்படுத்துவதாகச் சொல்லி வெளியிலிருந்து ஹாக்னி, வெல்ஷ் இனப் பொலிக்குதிரைகளைக் கொண்டுவந்தது. இந்தக் கலப்புகளைப் பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. பேராசிரியர் ஜே. கோசர் எவர்ட் 1900இல் வெளியான தன் அறிக்கையில் உள்ளூர்க் குதிரைகளின் உறுதியையும் தாங்கும் திறனையும் எடுத்துச் சொன்னார். அந்தக் கவலை 1923 டிசம்பரில் அமைப்பாகத் திரண்டது. ஊக்டரார்ட் என்ற சிற்றூரில் கூடிய கூட்டத்தில் கன்னிமாரா மட்டக்குதிரை வளர்ப்பாளர் சங்கம் பிறந்தது. முதல் கண்காட்சி 1924இல் ரவுண்ட்ஸ்டோனில் நடந்தது. முதல் இனப் பதிவேடு 1926இல் வந்தது. இன்று ஆகஸ்ட் மாதம் கிளிஃப்டன் நகரில் கூடும் கண்காட்சிக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

பதிவேட்டின் முதல் எண் ‘கேனன் பால்’ என்ற பொலிக்குதிரைக்கு. பிறந்தது 1904, தந்தை ‘டைனமைட்’, தாத்தா வெல்ஷ் இனத்து ‘பிரின்ஸ் லூவெலின்’. ஊக்டரார்டின் விவசாயிகள் பந்தயத்தில் அது தொடர்ந்து 16 ஆண்டுகள் வென்றதாகச் சொல்வார்கள். 1926இல் அது இறந்தபோது, மனிதருக்குச் செய்வதுபோல ஊர்மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து அஞ்சலி செலுத்தினார்கள் என்பது இன்றும் அந்தப் பக்கத்தில் பேசப்படும் செய்தி. முதல் பதிவுக் குதிரையின் தாத்தாவே வெளி இனம் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளிலும் அளவோடு வெளி ரத்தம் சேர்ந்தது. தரோபிரெட் இனத்து ‘லிட்டில் ஹெவன்’ வழியில் 1948இல் ‘கார்னா டன்’ பிறந்தது. அரபு இனத்து ‘நசீல்’ வழியில் ‘கிளான்கீஹன் ஆரேட்டம்’ வந்தது. 1960களில் பதிவேடு மூடப்பட்டது. அதாவது அதன்பின் தாயும் தந்தையும் பதிவு பெற்றிருந்தால்தான் குட்டிக்குப் பதிவு. பதிவேடு மூடிய இனம் என்றால், இருக்கிற ரத்தம் இருப்பதோடு சரி. போன வழி போனதுதான். வெளியிலிருந்து ஈடுகட்ட முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு குளம்புக்கு வருவோம்.

குளம்பில் என்ன நடக்கிறது

குதிரையின் குளம்பை ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால், வெளியே தெரியும் கெட்டியான ஓடுதான் சுவர். நம் நகத்தைப் போலவே அது கெரட்டினால் ஆனது. மயிர்க்கோட்டுக்குக் கீழே உள்ள வளையத்திலிருந்து மேலிருந்து கீழாக வளர்கிறது. குதிரையின் எடையைப் பெரும்பாலும் இந்தச் சுவரும் அதன் விளிம்பும்தான் தாங்குகின்றன. அடிப்பகுதியான உள்ளங்கால் எடை முழுவதையும் தாங்குவதற்கு உரியது அல்ல.

நோய் கண்ட குட்டியில், பிறந்து சில மாதங்களுக்குள், சுவரின் வெளிப்பகுதி உள்பகுதியிலிருந்து உரியத் தொடங்குகிறது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால், விளிம்பு ஒழுங்கான வளைவாக இல்லாமல் நார் நாராகப் பிய்ந்து தொங்கும். பிரிந்த இடுக்கில் மண்ணும் சிறு கல்லும் ஏறியிருக்கும். லாடக்காரர் அரத்தால் ஒரு முறை தேய்த்ததும் அந்தத் துண்டு உதிர்ந்துவிடும். அடுத்த வாரம் அதற்கு மேலே இன்னொரு பிளவு. லாடம் அடிக்கலாம் என்றால் ஆணி பிடிக்கக் கெட்டியான சுவரே இல்லை. சுவர் இல்லாதபோது குட்டி உள்ளங்காலில் ஊன்றுகிறது. நாளுக்கு நாள் வலி கூடுகிறது; படுத்தே கிடக்கிறது. காலப்போக்கில் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியும் சேர்ந்துகொள்ளலாம். மிகவும் முற்றிய நிலையில், வேதனையிலிருந்து விடுவிக்கக் கருணைக்கொலை செய்யப்பட்ட குட்டிகள் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. லாமினைட்டிஸ் நோயில் கோளாறு தொடங்குவது, குளம்புச் சுவரை உள்ளே இருக்கும் எலும்போடு கட்டிப்பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகளில். இந்த நோயிலோ சுவரே தனக்குள் பிளக்கிறது. மேலே சுவர் முளைக்கும் வளையம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பூஞ்சை அல்லது பாக்டீரியா தொற்றில் வழக்கமாக ஒரு காலோ இரண்டு கால்களோ பாதிக்கப்படும், இதில் நான்கும். கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியும். ஆனால், தன் வாழ்நாளில் இப்படி ஒரே ஒரு குட்டியைப் பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்?

ஒளிந்திருந்தது எப்படி

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தவர்களுக்கு ஒடுங்கு பண்பு என்றால் என்ன என்பது நினைவிருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் பழுதாக இருக்கும் விலங்கைக் கடத்தி என்கிறோம். அதற்கு நோய் இல்லை, வரப்போவதும் இல்லை. அதன் குளம்பு மற்றக் குதிரைகளின் குளம்பைப் போலவே கெட்டியானது. கிளிஃப்டன் களத்தில் எவ்வளவு தேர்ந்த நடுவர் சுற்றி வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஓர் இனத்தில் நூற்றுக்குப் பதினைந்து குதிரைகள் கடத்திகள் என்று வைத்துக்கொள்வோம். யாரும் எதையும் பார்க்காமல் சேர்த்தால், இரண்டு கடத்திகள் ஜோடி சேரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் இரண்டு. அந்த ஜோடிகளின் குட்டிகளிலும் நான்கில் ஒன்றுக்குத்தான் நோய். ஆக, ஏறத்தாழ 180 குட்டிகளுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குட்டி வளர்க்கும் குடும்பம் தலைமுறைக் கணக்கில் இந்த நோயைப் பார்க்காமலே போகலாம்.

இப்போது அதே இனத்தில் பெயர்பெற்ற பொலிக்குதிரை ஒன்று கடத்தியாக இருக்கிறது என்போம். அதனிடம் நூறு பெட்டைகள் வருகின்றன. அவற்றில் பதினைந்து கடத்திகள். பிறக்கும் நூறு குட்டிகளில் நோயோடு பிறப்பவை சுமார் நான்கு. நோயில்லாமல் பழுதைச் சுமந்து செல்பவையோ ஏறத்தாழ ஐம்பது! அந்த நான்கு குட்டிகளும் நான்கு பண்ணைகளில், ஒருவேளை நான்கு நாடுகளில் பிறந்திருக்கும். நான்கு உரிமையாளர்களும் தனித்தனியே தங்கள் ஈர நிலத்தையும் தாதுச்சத்துக் குறைவையும் நொந்துகொண்டிருப்பார்கள். ஐம்பதோ அழகான குட்டிகளாக வளர்ந்து, தந்தையின் புகழால் நல்ல விலைக்கு விற்கப்பட்டு, அடுத்த தலைமுறைக்குத் தாயும் தந்தையும் ஆகும். புகழ்பெற்ற முன்னோரின் பெயர் பரம்பரைப் பட்டியலில் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வரவேண்டும் என்று விரும்பிச் சேர்ப்பது குதிரை வளர்ப்பில் உள்ள வழக்கம். அந்த விருப்பமே இரண்டு பழுதான பிரதிகளை ஒரே குட்டியில் கொண்டுவந்து சேர்க்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோய்க்குட்டி பிறந்ததை வெளியே சொன்னால் தன் பெட்டையின் மற்றக் குட்டிகளும் விலைபோகாது என்று உரிமையாளர் அஞ்சுவது இயல்பு. பொலிக்குதிரை வைத்திருப்பவருக்கு அந்த அச்சம் பல மடங்கு. இந்த அமைதியை நான் அயோக்கியத்தனம் என்று சொல்ல மாட்டேன். காரணம் தெரியாத நோய் என்றால், பேசுகிறவர்தான் பழியைச் சுமப்பார். ஆனால், விளைவு மோசமானது. நோய்க்குட்டிகளைப் பற்றிய தகவல் ஒரே இடத்தில் சேராதவரை யாராலும் பரம்பரை வரைபடத்தைப் போட்டுப் பார்க்க முடியவில்லை.

ஓர் எழுத்துப் பிழை

முடிச்சு அவிழ்ந்தது அயர்லாந்தில் அல்ல, கலிஃபோர்னியாவில். டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்களுக்கு, சில வளர்ப்பாளர்கள் வெளிப்படையாக முன்வந்து தங்கள் குதிரைகளின் மாதிரிகளையும் பரம்பரை விவரங்களையும் கொடுத்தார்கள். நோயுள்ளவை, இல்லாதவை என்று இரு தரப்பு மரபணுக்களையும் ஒப்பிட்டபோது வேறுபாடு ஓரிடத்தில் குவிந்தது. காரி ஃபின்னோவும் அவருடைய குழுவினரும் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ‘செர்பின்பி11’ என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ‘சி’, கூடுதலாகச் செருகப்பட்டிருக்கிறது. மரபணுவின் செய்தி மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுவது. நடுவில் ஒன்று கூடிவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மூன்றும் தவறாகப் பிரியும். புரதம் ஒழுங்காக உருவாகாது.

இதனால் பரிசோதனை எளிதாயிற்று. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ இருபது முப்பது மயிர்களைப் பிடுங்கி அனுப்பினால் போதும். வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும். மயிரின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாகத் தெரியும் வெண்ணிற வேர்தான் ஆய்வகத்துக்குத் தேவை. விரலில் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிச் சட்டென்று இழுத்தால் வேரோடு வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்து வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிவத்தில் ஒட்ட வேண்டும். குட்டிகளின் மயிர் மெல்லியது என்பதால் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது நல்லது. பரம்பரையை உறுதிசெய்ய எப்படியும் மயிர் அனுப்புகிற வழக்கம் இருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. முடிவு மூன்றில் ஒன்றாக வரும்: பழுது இல்லை, கடத்தி, நோயுள்ளது. குட்டியைப் பதிவு செய்யும்போதே இந்த முடிவையும் குறிக்கும் முறை இப்போது வந்துவிட்டது. ரகசியம் என்று ஒளிக்க இனி எதுவும் இல்லை என்பதே பெரிய மாற்றம்.

கடத்தியை என்ன செய்வது

பரிசோதனை வந்ததும், கடத்திகள் அனைத்தையும் இனப்பெருக்கத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கேட்கச் சுத்தமான தீர்வாகத் தோன்றும். ஆனால், நான் அதை முற்றிலும் மறுக்கிறேன். ஓர் ஆண்டுகூட நோய்ப்படாத, பாறையிலும் மழையிலும் வாழ்ந்து பத்துக் குட்டி போட்ட ஒரு பெட்டையை, ஒரு பிரதி பழுது என்பதற்காக ஒதுக்கினால், அதன் எலும்பு, நடை, குணம், தாய்வழி எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்குகிறோம். பதிவேடு மூடிய இனத்தில் அந்த வழியை மீண்டும் எங்கே போய் வாங்குவது? நூற்றுக்குப் பதினைந்து என்ற நம் கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரே தலைமுறையில் ஏழில் ஒரு பங்கு இனம் போய்விடும். மிஞ்சியவை இன்னும் நெருங்கிய உறவுகளாகும். அப்போது இதுவரை ஒளிந்திருக்கும் வேறொரு ஒடுங்கு பண்பு இரட்டிப்பாக வெளிப்பட வழி பிறக்கும்.

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. கடத்திப் பெட்டையைப் பழுதில்லாத பொலிக்குதிரையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் பழுதில்லாதவை, பாதி கடத்திகள். எட்டுக் குட்டி போடும் பெட்டை ஒன்று தன் வாழ்நாளில் நான்கு பழுதற்ற குட்டிகளைத் தரும் என்று எதிர்பார்க்கலாம். தற்செயலின் விளையாட்டில் அது இரண்டாகவோ ஆறாகவோ இருக்கலாம். அவற்றில் சிறந்த பழுதற்ற மகளை வைத்துக்கொண்டால், தாயின் வழி அப்படியே நிற்கிறது, பழுது அந்த வீட்டோடு முடிகிறது. இதற்கு ஒரு தலைமுறை பொறுமை வேண்டும். குதிரை பதினொரு மாதம் சினை சுமப்பது. குட்டி வளர்ந்து தாயாக இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள். அந்தக் காத்திருப்பு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொலிக்குதிரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டி, பொலிக்குதிரை நூறு. நூறு பெட்டைகளுக்குப் போகும் குதிரை கடத்தியாக இருந்தால், பெட்டைகள் அனைத்தும் பழுதற்றவையாக இருந்தாலும் ஐம்பது கடத்திகளை உருவாக்குகிறது. அரிய வழியைச் சேர்ந்த, மாற்று இல்லாத பொலிக்குதிரை என்றால், பரிசோதித்துப் பழுதில்லை என்று உறுதியான சில பெட்டைகளுக்கு மட்டும் விட்டு, ஒரு பழுதற்ற மகனை எடுத்துக்கொண்டு, அதன்பின் அதைக் காயடிப்பது சரியான வழி.

சவாரிக்காகக் குதிரை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காயடித்த குதிரை கடத்தி என்று சீட்டில் எழுதியிருந்தால் அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அது குட்டி போடப்போவதில்லை. அதற்கு நோயும் இல்லை. கன்னிமாரா ரத்தம் என்ன செய்யும் என்பதற்கு ‘ஸ்ட்ரோலர்’ ஒன்றே போதும். பாதி தரோபிரெட், பாதி கன்னிமாரா, உயரத்தில் மட்டக்குதிரை. மரியன் கோக்ஸை முதுகில் ஏற்றிக்கொண்டு 1968 ஒலிம்பிக்கின் தடை தாண்டும் போட்டியில் பெரிய குதிரைகளுக்கு நடுவே வெள்ளிப் பதக்கம் வென்றது. அப்படிப்பட்ட உடலையும் மனத்தையும் தேடும்போது, குளம்பைத் தொடவே தொடாத ஒரு பிரதிக்காக நல்ல குதிரையைத் தள்ளுவது நியாயமில்லை.

நோயோடு பிறந்தவை

இவற்றுக்கு மருந்து கிடையாது. பராமரிப்பு மட்டுமே உண்டு. வழக்கமான குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவினால் போதும்; இவற்றுக்கு அந்த இடைவெளி மிகவும் குறைய வேண்டும். உரியும் விளிம்பை உடனுக்குடன் வட்டமாகத் தேய்த்துவிட்டால் பிளவு மேலேறுவது குறையும். ஆணி இல்லாமல் ஒட்டும் காலணிகள் சிலவற்றுக்கு உதவுகின்றன. தரை மென்மையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். உடல் எடை கூடவே கூடாது. மெலிந்த புல்லில் வாழப் பழகிய இந்த இனம் கொழுத்த மேய்ச்சலில் விட்டால் விரைவில் பருத்துவிடும். லாமினைட்டிஸ் அந்த வழியாகவும் வரலாம். நோயின் கடுமை குட்டிக்குக் குட்டி வேறுபடுகிறது. சில, அக்கறையான உரிமையாளரும் தேர்ந்த லாடக்காரரும் அமைந்ததால் பெரியவையாக வளர்ந்திருக்கின்றன. ஆனால், பணமும் நேரமும் ஆண்டுக் கணக்கில் தேவைப்படும். அது இல்லாத இடத்தில், ‘எப்படியாவது பிழைக்கட்டும்’ என்று வலியை நீட்டிப்பதைவிடக் கால்நடை மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசி முடிவெடுப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

இனி எச்சரிக்கை வேண்டியது வேறொரு பக்கத்தில். ‘பழுதில்லை’ என்ற சீட்டு விற்பனைக்கு உதவுகிறது என்பதால், அது இருந்தாலே போதும் என்ற மனநிலை வந்துவிடக் கூடாது. எலும்பு மெலிந்து, குணம் கெட்டு, நடை சுருங்கிய பழுதற்ற பொலிக்குதிரையைவிட, நல்ல கடத்திப் பெட்டை இந்த இனத்துக்கு எத்தனையோ மடங்கு பயன். சங்கத்தின் பரிசோதகர்கள் இரண்டு வயதுக்குப் பிறகு குதிரையை நிற்கவைத்து, நடக்கவிட்டு, வகை பிரிப்பது அதற்காகத்தான். மரபணுச் சீட்டு அந்தப் பார்வைக்குத் துணையாக வந்த ஒன்று. அதன் இடத்தைப் பிடிக்க வந்ததல்ல.

நடைமுறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வசந்தத்தில் பெட்டையைச் சினைக்கு அனுப்பும் முன் அதன் முடிவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பொலிக்குதிரை உரிமையாளரிடம் கட்டணம் பேசுவதற்கு முன்பே அதன் முடிவைக் கேட்க வேண்டும். தாய் தந்தை நன்றாக இருந்தன என்ற வாய்மொழி போதாது, ஏனென்றால் கடத்தியின் தாய் தந்தையும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பரிசோதனை வருவதற்கு முன் பதிவான வயதான குதிரைகள் பலவற்றின் பதிவில் இந்த முடிவு இருக்காது. அப்படியானால் சேர்க்கைக்கு முன் மயிரை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டை சில வாரம் கழித்து மறுபடியும் சினைக்கு வரும்.